நிறுத்தி வைத்த கார் நடுராத்திரியில் பீப் அடிக்கிறது, மூணாம் நாள் பேட்டரி டவுன். எங்கே இருந்து பார்க்க ஆரம்பிப்பது?

வேளச்சேரிவாசி:

எல்லாருக்கும் வணக்கம். கார் 2014 மாடல், பெட்ரோல் ஹேட்ச்பேக், எட்டு மாதத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் தூண்களுக்கு நடுவே நிறுத்துகிறேன். வாரத்துக்கு இரண்டு நாள்தான் அலுவலகம், மற்ற நாளெல்லாம் கார் சும்மா நிற்கும்.

ஒன்றரை மாதமாக இந்தத் தொல்லை. ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு காரிலிருந்து பீப் சத்தம். ஹாரன் இல்லை, திருடன் வந்தால் ஊரையே எழுப்புமே அந்த அலறலும் இல்லை. மைக்ரோவேவ் சூடு பண்ணி முடித்ததும் அடிக்குமே, அதைவிடக் கொஞ்சம் கூர்மையாக ஐந்தாறு தடவை, அப்புறம் அரை நிமிடம் அமைதி, மறுபடி ஐந்தாறு. இண்டிகேட்டர் மின்னுவதில்லை. நான் படி இறங்கிப் போவதற்குள் சில நாள் நின்றுவிடும், சில நாள் என் முகத்துக்கு நேராகவே அடிக்கும். முதல் மாடி மாமியின் பேரக்குழந்தை எழுந்துவிடுகிறது, குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் என் கார் நம்பரைப் போட்டே எழுதிவிட்டார்கள்.

பீப் கேட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ செல்ஃப் எடுக்காது. டக் டக் என்று மட்டும் கேட்கும். மெக்கானிக் பேட்டரி போய்விட்டது என்றார், 35 ஆம்ப் புதுசு போட்டேன். பதினைந்து நாள்கூட ஆகவில்லை, மறுபடி அதே கதை. இப்போது டைனமோவை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றவா?

கோவைக்காரன்:

மாற்றாதீர்கள். டைனமோ சார்ஜ் பண்ணுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் வண்டி ஸ்டார்ட்டில் இருக்கும்போது பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 13.8-லிருந்து 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் டைனமோ நல்லாத்தான் இருக்கிறது. ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டுவிட்டும் ஒரு தடவை பாருங்கள்.

எலிப்பொறி:

பானெட்டைத் திறந்து பாருங்க சார், எலி வயரைக் கடித்திருக்கும். எங்கள் தெருவில் மழைக்காலம் வந்தால் எல்லா வண்டியிலும் இதே கதைதான். நான் புகையிலையைத் துணியில் கட்டிப் போட்டிருக்கிறேன். அதையும் ஒரு எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது, அது வேறு விஷயம்.

கோவைக்காரன்:

எலி கடித்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடித்த வயர் மூன்று நாளுக்கு ஒரு முறை ராத்திரியில் மட்டும் பீப் அடிக்காது.

நாலாவது கியர்:

ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கிறீர்களா? அது எந்நேரமும் சிக்னல் தேடிக்கொண்டே இருக்கும், பேட்டரியை அது இழுக்கும் என்று கேள்விப்பட்டேன்.

மீட்டர் மாமா:

தம்பி, ஃபாஸ்டேக் ஒரு ஸ்டிக்கர். அதில் பேட்டரியும் கிடையாது, காரோடு வயர் தொடர்பும் கிடையாது. சுங்கச்சாவடியில் இருக்கும் ரீடர் அனுப்புகிற ரேடியோ அலையிலிருந்தே அதற்கு வேண்டிய சக்தி கிடைத்துவிடுகிறது. அதன் மேல் பழி போட வேண்டாம்.

வேளச்சேரிவாசி, இரண்டு விஷயத்தையும் ஒரே நோய் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள், இரண்டு நோய் என்றும் முடிவு கட்டாதீர்கள். முதலில் பேட்டரி எப்படி இறங்குகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். வண்டியை நிறுத்திப் பூட்டிய நாள், நேரம். அதன் பிறகு தினமும் காலையும் இரவும் வோல்ட் எவ்வளவு. நல்ல 12 வோல்ட் பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆகிச் சில மணி நேரம் ஓய்வாக இருந்தால் 12.6-க்குக் கொஞ்சம் மேலே காட்டும். 12.4 என்றால் முக்கால் தொட்டி, 12.2 என்றால் அரைத் தொட்டி, 12.0 என்றால் கால் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முனைகளில் வெள்ளை, பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தால் ஆப்பசோடா கலந்த வெந்நீர் ஊற்றிச் சுத்தம் பண்ணி, நன்றாகத் துடைத்து, கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

ஒரு கேள்வி. பீப் எங்கிருந்து வருகிறது? டேஷ்போர்டு பக்கமா, பானெட் பக்கமா, டிக்கியா? காதை வைத்துக் கேட்டீர்களா?

வேளச்சேரிவாசி:

மாமா, நன்றி. வண்டி ஸ்டார்ட்டில் 14.1, ஏசியும் லைட்டும் போட்டால் 13.9. ஆக டைனமோ தப்பித்தது, என் பணமும் தப்பித்தது.

திங்கள் இரவு 8 மணிக்கு நிறுத்தினேன். வண்டி ஓடி வந்த சூடு என்பதால் 12.7 காட்டியது. செவ்வாய் காலை 12.4, செவ்வாய் இரவு 12.2, புதன் விடிகாலை 3.10-க்கு பீப், ஓடிப்போய் வைத்துப் பார்த்தால் 11.9. வியாழன் காலை 11.2, செல்ஃப் எடுக்கவில்லை. முனைகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

சத்தம் பானெட் பக்கத்திலிருந்துதான். கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்தால் மெதுவாகக் கேட்கிறது, வெளியே நின்றால் நன்றாகக் கேட்கிறது. வாட்ச்மேன் அண்ணனும் அதையேதான் சொன்னார். அவர்தான் பாவம், எல்லா ராத்திரியும் முழுசாகக் கேட்பவர்.

கோவைக்காரன்:

சாதாரணமாக நிற்கும் கார் 50 மில்லி ஆம்புக்குள்தான் இழுக்க வேண்டும். கடிகாரம், சென்ட்ரல் லாக், ஸ்டீரியோவின் ஞாபகம் எல்லாம் அதற்குள் அடக்கம். 50 மில்லி ஆம்ப் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்ப்-அவர். உங்கள் 35 ஆம்ப் பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்ப்-அவர், காலியாகக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். உங்களுக்கு மூன்றே நாளில் காலியாகிறது, அதாவது அரை ஆம்ப் அளவில் எதுவோ குடித்துக்கொண்டே இருக்கிறது. சின்னப் பல்பு ஒன்று விடாமல் எரிகிற அளவு.

டிக்கி லைட் பாருங்கள். எனக்கு ஒரு தடவை அதுதான் காரணம். மூடியபின் அணைகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று மண்டையைக் குடைந்தேன். கடைசியில் போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து டிக்கியை மூடினேன். எடுத்துப் பார்த்தால் ஸ்டெப்னியும் பழைய செருப்பு ஒன்றும் பளிச்சென்று தெரிகிறது, ஒரு நொடிகூட இருட்டு இல்லை. கிளவ் பாக்ஸுக்கும் அதே வித்தைதான்.

வேளச்சேரிவாசி:

பண்ணிப் பார்த்தேன். டிக்கி இருட்டு. கிளவ் பாக்ஸில் லைட்டே கிடையாது.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. மாமியின் மகன் நேரிலேயே வந்து கேட்டதால், ராத்திரி தூங்கப் போகும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் தளர்த்தி கேபிளைத் தூக்கி ஓரமாக வைத்தேன். வைத்த அடுத்த நொடி பீப் பீப் பீப். பேட்டரியே இணைப்பில் இல்லை, கார் கத்துகிறது! வாட்ச்மேன் இரண்டடி பின்னால் போய்விட்டார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நாலாவது கியர்:

எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினீர்களா இல்லையா முதலில்?

எலிப்பொறி:

முன்னால் ஓட்டியவர் யார் என்று விசாரியுங்கள். உயிரோடு இருக்கிறாரா என்றும்.

மீட்டர் மாமா:

சிரித்தது போதும் பிள்ளைகளா. இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே உருப்படியான தகவல் இதுதான். பேட்டரியைக் கழற்றியும் சத்தம் வருகிறது என்றால் சத்தம் போடுகிற சாமானுக்குச் சொந்தமாக ஒரு பேட்டரி இருக்கிறது. வேறு வழியே இல்லை.

வெளிக் கடையில் வாங்கிப் பொருத்துகிற அலாரங்களில் சிலவற்றுக்கு இப்படிச் சைரன் வரும். திருடன் பானெட்டைத் திறந்து பேட்டரி கேபிளை வெட்டினால் அலாரம் வாயடைத்துப் போகக் கூடாது என்பதற்காகச் சைரனுக்குள்ளேயே குட்டி நிக்கல் செல்கள் வைத்திருப்பார்கள். மெயின் லைன் அறுந்தால் அல்லது வோல்ட் ரொம்ப இறங்கினால், யாரோ கை வைக்கிறார்கள் என்று நினைத்துக் கத்தும். பத்து வருடமான செல் என்றால் கத்த வலு இருக்காது, முனகும். உங்களுக்கு அலறலாக இல்லாமல் பீப்பாகக் கேட்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். கார் தானாக அலாரம் அடித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னியிருக்கும். உங்களுக்கு மின்னவில்லை என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள், நான்தான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை.

பேட்டரிக்குப் பின்னால் அல்லது ஃபெண்டர் ஓரமாகக் கறுப்பாக, புனல் மாதிரி ஒன்று இருக்கும். அதன் பக்கவாட்டில் வட்டமாக ஒரு சாவித் துளை இருக்கிறதா பாருங்கள்.

வேளச்சேரிவாசி:

இருக்கிறது மாமா!!! வைப்பர் தண்ணீர் டப்பாவுக்குப் பின்னால், தூசியில் கார் நிறத்துக்கே வந்துவிட்டது. அடியில் பச்சையாகக் கசிந்த தடம். சாவித் துளையும் இருக்கிறது. வண்டி வாங்கும்போது கொடுத்த பிளாஸ்டிக் பையில் இன்சூரன்ஸ் காகிதத்தோடு இரண்டு குட்டிச் சாவி இருந்தது. எட்டு மாதமாக அது ஏதோ சூட்கேஸ் சாவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போட்டுத் திருப்பினேன், அமைதி. நெகட்டிவைக் கழற்றினாலும் அமைதி.

வழக்கு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மீட்டர் மாமா:

பாதிதான். சைரன் புகார் சொன்னது, திருடியது வேறு ஆள். மூன்று நாளில் பேட்டரியைக் குடிப்பது யார் என்று இன்னும் தெரியவில்லை. சைரனை அணைத்துவிட்டதால் இனிமேல் சத்தமே இல்லாமல் குடிக்கும்.

இப்போது ஆம்ப் அளக்க வேண்டும். இதில் கவனம் தேவை, நிறையப் பேர் மீட்டரைக் கருக்கியிருக்கிறார்கள், நானும்தான். சிவப்புக் கம்பியை 10 ஆம்ப் என்று எழுதிய ஓட்டையில் செருகுங்கள், குமிழை ஆம்ப் டிசிக்குத் திருப்புங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு கம்பி, கழற்றிய கேபிளில் இன்னொரு கம்பி. கரண்ட் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். அந்த நிலையில் தப்பித்தவறிகூடச் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், செல்ஃப் மோட்டார் நூறு ஆம்புக்கு மேல் இழுக்கும், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். அளந்து முடிந்ததும் சிவப்புக் கம்பியை மறக்காமல் வோல்ட் ஓட்டைக்கு மாற்றுங்கள். மாற்றாமல் அப்படியே பேட்டரி வோல்ட் பார்க்கப் போனால் நேரடி ஷார்ட்.

இப்படி மீட்டர் வழியாகக் கேபிளை இணைத்ததும் காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும், முதலில் ஒன்று இரண்டு ஆம்ப் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் விடுங்கள், தூங்கிவிடும். கதவைத் திறந்துவைத்தே வேலை பார்க்க வேண்டுமென்றால் கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள், கதவு மூடியிருக்கிறது என்று கார் நம்பிக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவர் போட்டதை மறந்து கதவை அறைந்து சாத்திவிடாதீர்கள். ரிமோட் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

யாழ்ப்பாணத்தான்:

அண்ணை சொன்னது சரி. எங்கட பக்கம் 2022-ல பெட்ரோல் இல்லாமல் வாகனங்கள் கிழமைக் கணக்கில வீட்டு முற்றத்தில நிண்டது. கியூஆர் கோட்டா, அதாவது கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாய் எண்ணெய் வாங்கிற முறை, வந்து எண்ணெய் கிடைச்ச பிறகு பார்த்தால், அரைவாசிப் பேருக்குப் பற்றரி செத்துப்போச்சு. ஹைபிரிட் வைச்சிருந்த ஆக்கள் இன்னும் பாவம். பெரிய பற்றரி இருக்குது எண்டு நம்பியிருந்தவை, ஆனால் காரை விழிக்கப் பண்ணுறது சின்ன 12 வோல்ட் பற்றரிதான். சில கார்களில அது பின் டிக்கிக்குள்ள, டிக்கி திறக்கக் கரண்ட் வேணும், கரண்டுக்குப் பற்றரி வேணும். என்ர மச்சான் பின் சீற்றால ஊர்ந்துபோய்த்தான் திறந்தவர்.

வேளச்சேரிவாசி:

ஹாஹா, உங்கள் மச்சானுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

அளந்துவிட்டேன். இணைத்தவுடன் 2.3 ஆம்ப். பத்து நிமிடத்தில் 0.9. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் 0.52-க்கு வந்தது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. ஒன்றரை மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன், கொசுக்கடி தனி.

கோவைக்காரன்:

0.52 என்றால் ஒரு நாளைக்கு 12.5 ஆம்ப்-அவர். திங்கள் இரவிலிருந்து புதன் விடிகாலை வரை 31 மணி நேரம், 16 ஆம்ப்-அவர் போயிருக்கிறது. உங்கள் நோட்டுக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஏன் விடிகாலையில் மட்டும் அடிக்கிறது என்ற மர்மமும் இதுதான் போல, நீங்கள் எப்போதும் இரவு எட்டு மணி வாக்கில் நிறுத்துகிறீர்கள், அதிலிருந்து ஏறக்குறைய அதே மணிக்கணக்கில் சைரன் கத்தும் அளவுக்கு வோல்ட் இறங்கிவிடுகிறது.

இனி ஃப்யூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கினால் 0.52 விழுகிறதோ அந்த லைன்தான்.

மீட்டர் மாமா:

பிடுங்க வேண்டாம். திரும்பச் செருகும்போது ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், மறுபடி அரை மணி காத்திருக்க வேண்டும். பிளேடு ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொடுங்கள். கரண்ட் ஓடாத ஃப்யூஸ் பூஜ்யம் காட்டும், ஓடுகிற ஃப்யூஸ் கொஞ்சமாவது காட்டும். இதற்கு முன்னால் மீட்டரைத் தொடரிலிருந்து எடுத்துவிட்டு நெகட்டிவை முறையாக மாட்டிவிடுங்கள், கம்பியையும் வோல்ட் ஓட்டைக்கு மாற்றுங்கள்.

வேளச்சேரிவாசி:

பானெட்டுக்குள் இருக்கும் பெட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டி, இரண்டிலும் எல்லா ஃப்யூஸும் தொட்டாகிவிட்டது. எல்லாம் பூஜ்யம், இரண்டில் மட்டும் 0.1. அரை ஆம்ப் போகிற லைன் எதுவுமே இல்லை. கரண்ட் காற்றில் போகிறதா?

மீட்டர் மாமா:

காற்றில் போகாது, ஃப்யூஸ் பெட்டி வழியாகவும் போகவில்லை. அப்படியானால் பேட்டரியிலிருந்து நேராக. பாசிட்டிவ் முனையில் எத்தனை வயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். கம்பெனி வயர் எல்லாம் கறுப்புக் குழாய்க்குள் ஒழுங்காகப் போகும், வெளியே கடையில் போட்ட வயர் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும்.

அதோடு, இந்தத் தொல்லை ஆரம்பிப்பதற்கு முன் காரில் ஏதாவது மாட்டினீர்களா? கேமரா, டிராக்கர், சீட் கவர், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

வேளச்சேரிவாசி:

தடியாக ஒரு சிவப்பு வயர், நடுவில் கண்ணாடி ஃப்யூஸ் டப்பா, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு) ஓட்டை வழியாக உள்ளே போகிறது.

மாட்டினேன்... தீபாவளிக்கு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. பீப் தொல்லை அதற்கடுத்த வாரம்தான் தொடங்கியது என்று இப்போது தேதி பார்த்தால் தெரிகிறது.

கோவைக்காரன்:

ஐயா சாமி, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேருக்கு வேலை மிச்சம்.

வேளச்சேரிவாசி:

தப்புதான் சார். ஸ்டீரியோ பாடிக்கொண்டுதான் இருந்தது, அதை யார் சந்தேகப்படுவார்கள்.

சிவப்பு வயர் போகும் இடத்தைப் பிடித்துவிட்டேன். கதவு ஓர பிளாஸ்டிக்கைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டே போனால் இடது பக்க முன் சீட்டுக்குக் கீழே போய் நிற்கிறது. கையை உள்ளே விட்டதும் சூடு. காலையில் கட்டிய சாப்பாட்டு டப்பாவை மத்தியானம் தொட்டால் இருக்குமே, அந்த இளஞ்சூடு. கார் நிறுத்திப் பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன், இருட்டில் ஒரு நீல லைட் மினுக்கென்று எரிகிறது. ஆம்ப்ளிஃபையர்! முன்னால் வைத்திருந்தவர் டிக்கியில் வூஃபர் பெட்டி வைத்திருந்திருக்கிறார், விற்கும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டார். எதற்கும் இணைக்காமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது.

மீட்டர் மாமா:

ஸ்டீரியோவைப் பாதி வெளியே இழுத்து நீல வயரைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையருக்கு (சுருக்கமாக ஆம்ப்) எழுந்திரு, தூங்கு என்று சொல்கிற வயர் அது, ஸ்டீரியோவின் நீலம் அல்லது நீல-வெள்ளை வயரோடு சேர வேண்டும். மஞ்சள் எந்நேரமும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும். உங்கள் கடைக்காரர் ஆம்ப்பின் நீலத்தை எதோடு முறுக்கியிருக்கிறார் என்று எனக்கு இப்போதே தெரியும், இருந்தாலும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

வேளச்சேரிவாசி:

மஞ்சளோடு. இரண்டையும் முறுக்கி, மேலே அரை அடி இன்சுலேஷன் டேப்.

ஆம்ப்பின் வயரைப் பேட்டரியிலேயே கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டேன். மறுபடி அளந்தேன், முப்பது நிமிடம் கழித்து 0.03.

கோவைக்காரன்:

அருமை. இன்னொன்று, அந்தப் புதுப் பேட்டரியை வாரம் இரண்டு முறை அடிமட்டம் வரை இறக்கியிருக்கிறீர்கள், அது அதற்கு ஆகாது. அலுவலகம் போய் வருகிற அரை மணி ஓட்டத்தில் முழுசாக ஏறவும் ஏறாது. பேட்டரி கடையில் கொடுத்து 3 ஆம்ப் அளவில் மெதுவாக ஒரு இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றி எடுத்துவந்து ஆறேழு மணி நேரம் கழித்து 12.6 நின்றால் தப்பித்தது. ஸ்டார்ட் பண்ணும் நொடியில் 9.6-க்குக் கீழே போகிறதா என்றும் பாருங்கள், போனால் அதன் வலு குறைந்திருக்கிறது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

எலிப்பொறி:

ஆக எலி இல்லை.

வேளச்சேரிவாசி:

எலி இல்லை சார். ஆனால் சீட்டுக்கு அடியில் ஆம்ப் பக்கத்தில் ஒரு துண்டு புகையிலைத் துணி இருந்தது, உங்களுடையதா?

சார்ஜ் ஏற்றி மாட்டி இன்றோடு ஐந்து நாள். நேற்று வேண்டுமென்றே எடுக்காமல் விட்டேன், இன்று காலை 12.5. ஸ்டார்ட் பண்ணும்போது 10.4. ஒரே திருப்பில் எடுத்தது. சைரனைக் கழற்றி எடுத்துவிட்டேன், உள்ளே செல் எல்லாம் வெடித்துப் பச்சை பிடித்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைச் சொன்னேன், மாமி ஒரு கை கூப்பும் பொம்மை போட்டார். வாட்ச்மேன் அண்ணன் இன்னும் அந்தப் பக்கம் ராத்திரியில் சுற்றி வருவதில்லை.

நாலாவது கியர்:

வாழ்த்துகள் ப்ரோ. அந்த ஆம்ப்பை விற்கிறீர்களா? என்னிடம் வூஃபர் பெட்டி சும்மா கிடக்கிறது.

மீட்டர் மாமா:

வாங்கு தம்பி. நீல வயரை எங்கே கொடுக்கிறாய் என்று முதலில் எனக்கு ஒரு படம் அனுப்பு.